பாயிண்ட் கூடுனா அப்பாவுக்கு காசு, எனக்கு தொப்பை

அம்மா,

போன்ல சொன்னா நீ பாதியிலயே அழ ஆரம்பிச்சிடற, அதான் டைப் பண்ணி அனுப்பறேன், பாப்பா படிச்சு காட்டட்டும். ஆத்தூர்ல எல்லார்கிட்டயும் பையன் வெளிநாட்டுல இருக்கான்னு சொல்றியாமே, பம்பாய்தான்மா இது, ரயில் ஏறுனா ஒரு நாள் தூரம், ஆனா மொத வருஷம் பாஷை புரியாம முழிச்ச முழிக்கு வெளிநாடுன்னே வச்சுக்கலாம்.

போட்டோ பாத்துட்டு இளைச்சு போயிட்டேன்னு சொன்னியே, காய்ச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல, நானாதான் இளைச்சேன். டோம்பிவிலில இருந்து தாதர் வரைக்கும் லோக்கல்ல தொங்கிட்டு வந்து, ஸ்டேஷன் வாசல்ல பன்னுக்குள்ள வடை வச்ச வடா பாவ் ரெண்டு, ராத்திரி ரூமுக்கு வந்து குக்கர் சோறு, இப்படியே ஓடி 91 கிலோ ஆயிட்டேன், படி ஏறுனா மூச்சு வாங்குது. அதான் நாலு மாசமா சோறு, சப்பாத்தி, பாவ், உருளைக்கெழங்கு எல்லாம் ரொம்ப குறைச்சிட்டேன். இப்ப 85.

மொத பத்து நாள்ல ரெண்டரை கிலோ போனதும் குதிச்சேன், அப்புறம்தான் தெரிஞ்சுது அதுல முக்காவாசி தண்ணியாம். உடம்பு சேத்து வச்சிருக்கற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணிய புடிச்சு வச்சிருக்கும், சோத்த குறைச்சா அதுவும் கரையும் தண்ணியும் போயிடும். அந்த வாரம் தலவலி, மலச்சிக்கல், யார் பேசினாலும் எரிச்சல். ரூம்ல கூட இருக்கற தூத்துக்குடி பையன் குக்கர தொறந்தா அந்த ஆவி வாசனைக்கே பால்கனிக்கு ஓடிருவேன்.

இந்த ஊர்ல மாவு இல்லாம ஒண்ணு வாங்கறது இருக்கே, அதுக்கு தனி சாமர்த்தியம் வேணும். கடைக்காரர்கிட்ட பாவ் வேணாம் வடா மட்டும் குடுங்கன்னு பெருமையா கேட்டு தின்னுட்டேன், பாதி தூரம் போனப்பறம்தான் உறைக்குது, உள்ள இருக்கறதே உருளைக்கெழங்குன்னு. இப்ப காலைல முட்டை புர்ஜி, மதியம் மட்கி பயறு சுண்டல் மாதிரி செய்வாங்க அது ஒரு கிண்ணம், கீரை, தயிர், ராத்திரி மீனோ பன்னீரோ.

ஆபீஸ்ல சங்கஷ்டி அன்னிக்கு பாதி பேரு விரதம், நம்ம சங்கடஹர சதுர்த்திதான். அரிசி கோதுமை தொடமாட்டாங்க, ஆனா தட்டு நெறைய ஜவ்வரிசி கிச்சடி, அதுலயும் உருளைக்கெழங்கு, மேல வேர்க்கடலை. தானியம் இல்லல்ல, நீயும் சாப்பிடலாமேன்னு நீட்டுறாங்க. காஞ்ச ஜவ்வரிசி 100 கிராம்ல 85 கிராமுக்கு மேல மாவுச்சத்துதான். அது எங்க ஊர்ல இருந்து வர்றதுன்னு சொன்னா ஒருத்தரும் நம்பல, ஏதோ மரத்துல காய்க்குதுன்னு நெனச்சிட்டு இருந்திருக்காங்க. குச்சிக்கெழங்க, அதான் மரவள்ளிய, அரைச்சு பால் எடுத்து உருட்டி வறுக்கறதுன்னு படம் போட்டு காட்டுனேன். எங்கப்பா போடற கெழங்கு இந்த தட்டுல இருந்தாலும் இருக்கும்னு சொல்லிட்டு நான் மட்டும் சாப்பிடாம உக்காந்திருந்தேன் பாரு, அது என்னமோ மாதிரி இருந்துச்சு.

அப்பாகிட்ட சொல்லு, கோவப்பட வேணாம். கெழங்குல மாவுச்சத்து 28 பாயிண்ட் வந்தா மில்லுல அவருக்கு சிரிப்பு, அதே பாயிண்ட் எனக்கு இடுப்புல ஏறுது, அவ்வளவுதான் விஷயம். அரிசியும் கெழங்கும் விஷம்னு நான் சொல்லல, வெயில்ல நின்னு வெட்டறவங்களுக்கு அது வேணும், ஏசில உக்காந்து பட்டன் தட்டறவனுக்கு எதுக்கு மூணு வேளை. 2018ல வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 609 பேர ரெண்டா பிரிச்சு ஒரு வருஷம் பாத்திருக்காங்க, மாவு குறைச்சவங்களுக்கும் கொழுப்பு குறைச்சவங்களுக்கும் எடை கொறஞ்சதுல பெரிய வித்தியாசமே இல்லையாம். எனக்கு இது ஒத்து வருது, பசி அடங்குது, அதான்.

முக்கியமா, என்ன பாத்துட்டு அப்பா திடீர்னு சோத்த நிறுத்திடப் போறாரு. அவரு சுகர் மாத்திரை போடறவரு, மாத்திரை அதே அளவுல போட்டுட்டு சோத்த மட்டும் கொறைச்சா சில மாத்திரைக்கு சுகர் ரொம்ப கீழ எறங்கி மயக்கம் வரலாம், டாக்டர கேக்காம வேணாம்.

பார்சல்ல பச்ச வேர்க்கடலை, கொள்ளு, நெல்லிக்கா ஊறுகா போதும். ஜவ்வரிசி வத்தல் மட்டும் வச்சிடாத, வச்சா ஒரே ராத்திரில தீத்துருவேன். அப்பாவோட போன மாச ரிப்போர்ட்ட பாப்பாவ போட்டோ எடுத்து அனுப்ப சொல்லு.