பயிற்சிக்கு முன் குடியுரிமை ஏன் கேட்கிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள ஆய்வக நண்பர்களுக்கு,

வணக்கம். வெப்பப் படக் கேமரா வாடகைக்கும் பழுதுபார்ப்புக்கும் இத்தனை ஆண்டுகளாக எங்களிடமே வருகிறீர்கள். மாணவராக வந்தவர்கள் பேராசிரியரான பிறகும் அதே உரிமையோடு போன் செய்கிறீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பேச்சு ஓடுகிறது: "நம்மாளுங்க கம்பெனி, ஆனா நம்ம பிள்ளைங்ககிட்டயே பாஸ்போர்ட் கேட்குறாங்க, சந்தேகப்படுறாங்க." விலை அதிகம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். இது மனசைச் சுட்டுவிட்டது.

கேமராவை இங்கே வாடகைக்கு எடுத்து இயக்குவதற்கு யாரிடமும் குடியுரிமை கேட்பதில்லை. பழுதுபார்க்கும் பயிற்சியில் மட்டும்தான் கேட்கிறோம். அதிலும், நொடிக்கு 9 படங்களுக்குள் எடுக்கும் கேமராக்களுக்குக் கட்டுப்பாடு குறைவு. 30, 60 என எடுக்கும் கேமராவைத் திறந்து, சென்சார் வரைபடத்தையும் அளவுத்திருத்த மென்பொருளின் மூலநிரலையும் மேசையில் விரிக்கும்போதுதான் கேள்வி எழுகிறது. அமெரிக்க வணிகத் துறை விதிப்படி, கட்டுப்பாட்டில் உள்ள தொழில்நுட்பத்தை இந்த நாட்டுக்குள்ளேயே ஒரு வெளிநாட்டவருக்குக் காட்டிக் கற்றுக்கொடுத்தாலும் அது ஏற்றுமதிதான்; அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதைப் பொறுத்து அரசு அனுமதி தேவைப்படலாம். தாளில் ரகசிய முத்திரை எதுவும் இருக்க வேண்டியதில்லை. கிரீன் கார்டு வைத்திருப்பவரும் அடைக்கலம் பெற்றவரும் இந்தக் கணக்கில் வெளிநாட்டவர் அல்ல. எஃப்-1 மாணவர் விசாவிலோ எச்-1பி வேலை விசாவிலோ இருப்பவர் வெளிநாட்டவர். உங்கள் எச்-1பி மனுவின் ஐ-129 படிவத்தில் பல்கலைக்கழகமும் 'இவருக்குத் தொழில்நுட்பத்தைக் காட்ட ஏற்றுமதி அனுமதி வேண்டுமா?' என்ற இதே கேள்விக்குப் பதில் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

பிறந்த ஊரை நாங்கள் கேட்பதே இல்லை. இலங்கையில் பிறந்து பின்னர் கனடாக் குடியுரிமை பெற்றவரை இந்த விதி கனடாக்காரராகவே பார்க்கிறது. நாங்களும் அப்படித்தான். ஆளைப் பார்த்து, பெயரைப் பார்த்து ஒரு நாளும் முடிவு செய்ததில்லை.

"அடிப்படை ஆய்வுக்கு விலக்கு உண்டே?" என்றும் சிலர் கேட்டீர்கள். உண்மைதான். 1985-இல் ரீகன் அரசு வகுத்த கொள்கை அதற்கு அடித்தளம். ஆனால் அது நீங்கள் வெளியிடப்போகும் ஆய்வுக்கான விலக்கு. உற்பத்தியாளர் எங்களை நம்பிக் கொடுத்த வரைபடம் அதில் வராது. ஆய்வை வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் உங்கள் விலக்கும் போய்விடும். விமானப்படைக்காக ஆளில்லா விமானத் தொழில்நுட்ப ஆய்வு செய்த டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரீஸ் ராத், அதன் தரவுகளைச் சீன, ஈரானிய மாணவர்கள் கையாள விட்டது உள்ளிட்ட குற்றங்களுக்காக 2009-இல் 4 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். அது ஆயுத ஏற்றுமதிச் சட்டத்தில் வந்த வழக்கு. எங்கள் கேமராக்கள் ஆயுதப் பட்டியலில் அல்ல, வணிகத் துறையின் பட்டியலில் இருப்பவை. ஆனாலும் உங்கள் மாணவர் ஒருவரின் விசாவுக்கு எங்களால் சிக்கல் வந்துவிடக் கூடாது என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

இந்த ஆவண வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டதால் பயிற்சித் தேதிகள் சற்றுத் தள்ளிப்போகும், சரிபார்ப்புக்கு பில்லில் 40 டாலர் சேரும்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் நேரே போன் செய்து "என்ன விஷயம்?" என்று விசாரித்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. பேராசிரியர்கள் சிலர் குழுவிலேயே எங்களுக்காகப் பேசினீர்கள். மறக்க மாட்டோம்.

அப்புறம், விடுமுறை வருகிறது. எங்கள் கேமராவையோ சேவை மென்பொருள் ஏற்றிய மடிக்கணினியையோ நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதாக இருந்தால், டிக்கெட் போடும் முன் ஒரு போன் போடுங்கள். அதுவும் ஏற்றுமதிதான், அனுமதி வேண்டுமா, விதிவிலக்கு பொருந்துமா என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
உரிமையாளர்