எதிரே உட்கார்ந்தவர்களுக்கு நன்றி

நியூயார்க் வாஷிங்டன் ஸ்கொயர் பூங்காவின் தென்மேற்கு மூலையில் செஸ் ஆடும் எல்லோருக்கும் கும்பகோணத்திலிருந்து வணக்கம்.

இந்தக் கடிதத்தை என் மகள் ஆங்கிலத்தில் எழுதி, அச்செடுத்து, உங்கள் மேசைகளுக்கே கொண்டுவந்து கொடுப்பாள். இருந்தாலும் முதலில் தமிழில்தான் எழுதுகிறேன். மனசாரச் சொல்ல எனக்கு இந்த மொழிதான் வரும். இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளைப்பேறு பார்க்க நியூஜெர்சிக்குப் போய், ஆறு மாதம் ஜன்னல் வழியே கார்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அம்மாக்களும் அப்பாக்களும் எங்கள் ஊரில் நிறைய. ஹட்சன் நதிக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருப்பது அவர்களுக்கும் தெரியட்டும்.

நான் 2024 மே மாதம் ஜெர்சி சிட்டிக்கு வந்தேன். பேத்தி பிறந்து தலை நின்ற பிறகு, "சனி ஞாயிறு நாங்க பார்த்துக்கறோம், நீ கொஞ்சம் வெளியே போய்ட்டு வாம்மா" என்று மகளும் மாப்பிள்ளையும் சொன்னார்கள். ஜர்னல் ஸ்கொயரில் பாத் ரயில் ஏறினால் நதிக்கு அடியில் புகுந்து 9ஆம் தெருவில் இறக்கிவிடும். அப்போது வார இறுதியில் அது ஹோபோகனைச் சுற்றிக்கொண்டு போனது, கொஞ்சம் நேரமானது. இறங்கிக் கிழக்கே நடந்தால் பூங்கா. பளிங்கு வளைவைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நானும் அதைப் பார்த்துவிட்டு நீரூற்றைத் தாண்டி நடந்தேன். மூலையில் கடிகாரங்களை அடிக்கும் டக் டக் சத்தம் கேட்டது.

கல் மேசை. அதன் மேலேயே பதித்த கட்டங்கள். ஒவ்வொரு மேசையிலும் ஒருவர், சொந்தக் காய்களோடும் சொந்தக் கடிகாரத்தோடும் உட்கார்ந்திருந்தார். உங்களுக்கு ஐந்து நிமிஷம், எனக்கு ஐந்து நிமிஷம், ஆட்டத்துக்கு ஐந்து டாலர். முதல் மேசையில் வைக்கோல் தொப்பி போட்டிருந்தவர் என்னைப் பார்த்து, "ஆடறீங்களா மேடம்?" என்றார். எந்த ஊர், என்ன வேலை, வீட்டுக்காரர் எங்கே, எதுவும் கேட்கவில்லை. வெள்ளையா கருப்பா என்று மட்டும் கேட்டார்.

இது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எங்கள் ஊரில் ஒரு வாசகசாலைத் திண்ணை உண்டு. சாயங்காலமானால் நாலைந்து பலகைகள் விரியும். ஆடுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். முப்பது வருஷத்துக்கு மேல் நான் கணக்கு டீச்சர், அவர்களில் பாதிப் பேருக்கு நானே பாடம் எடுத்தவள். அங்கே போய் நின்றால் எழுந்து நிற்பார்கள், நாற்காலி போடுவார்கள், காப்பி வாங்கிவர ஆள் அனுப்புவார்கள். எதிரே மட்டும் யாரும் உட்கார மாட்டார்கள். வீட்டிலோ தம்பி பிள்ளைகள் எனக்கு விட்டுக்கொடுத்து ஆடுவார்கள். ராணியை வேண்டுமென்றே வெட்டுக் கொடுத்துவிட்டு, "அடடா, பார்க்கலையே அத்தை!" என்பார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் விட்டுக்கொடுத்து வந்த வெற்றி எனக்கு ஒருநாளும் இனித்ததில்லை.

வைக்கோல் தொப்பிக்காரரே, அன்றைக்கு நீங்கள் எனக்கு ஒரு சிப்பாயைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. என் ராஜா நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும்போது வரிசையைத் திறந்து யானையைக் கொண்டுவந்து முடித்துவிட்டீர்கள். அப்புறம் காய்களைக் கடகடவென்று பழைய இடத்துக்கு நகர்த்தி, "இங்கேதான் ஆட்டம் போச்சு. இந்தக் குதிரை இந்தப் பக்கம் வந்திருக்கணும்" என்று காட்டினீர்கள். அந்தப் பாடத்துக்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. முழு பலத்தோடு என்னைத் தோற்கடித்ததற்கு முதல் நன்றி உங்களுக்கு.

ஐந்து டாலரைப் பற்றி ஒரு வார்த்தை. ஊரில் சிலர் இதைக் கேட்டதும் "சூதாட்டமா?" என்றார்கள். இல்லை என்று அழுத்தமாகவே சொன்னேன். வெயிலிலும் குளிரிலும் காலையிலிருந்து ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பலகை, காய், கடிகாரம், இத்தனை வருஷப் பழக்கம் எல்லாம் அவருடையது. வருகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஓர் ஆட்டம் கிடைக்கிறது. அது கூலி. பேரம் பேசக் கூடாத கூலி.

அடுத்த நன்றி, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அந்தப் பெண்ணுக்கு. நான் அதற்கு முன் செஸ் கடிகாரத்தைத் தொட்டதே இல்லை. காயை நகர்த்திய அதே கையால்தான் கடிகாரத்தையும் அழுத்த வேண்டும் என்று நீ சொல்லித்தான் தெரியும். எதிராளியின் நேரம் ஓடும்போதுதான் நாம் யோசிக்க வேண்டும், நம் நேரம் கையை நகர்த்துவதற்கு என்றும் சொன்னாய். அதற்குப் பதிலாக நான் உனக்குச் சென்னையின் தால் செஸ் கிளப் கதையைச் சொன்னேன். சோவியத் கலாசார மையத்தில் நடந்த கிளப் அது. அங்கே ஜெயித்தவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் அங்கேதான் மின்னல் வேக ஆட்டம் பழகினார். நீ உடனே வைஷாலியின் பெயரைச் சொன்னாய். அந்த ஏப்ரலில் டொரோண்டோவில் நடந்த பெண்கள் கேண்டிடேட்ஸில், அதாவது உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்கும் போட்டியில், அவர் கடைசி ஐந்து ஆட்டங்களையும் தொடர்ந்து ஜெயித்ததை ஒவ்வொன்றாக எனக்கு விவரித்தாய். குகேஷைப் பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருந்த கோடை அது. நியூயார்க்கில் ஒரு பூங்காவில் உட்கார்ந்து ஒரு சென்னைப் பெண்ணின் ஆட்டத்தை இன்னொரு பெண் சொல்லிக் கேட்டேன், கண்ணம்மா. அந்தச் சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது.

இப்போது கைத்தடி வைத்திருக்கும் பெரியவருக்கு. ஐயா, உங்களுக்குத்தான் நிறைய எழுத வேண்டும்.

எனக்கு முதலில் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தது என் தாத்தா. அவரிடம் இருந்தது துணிப் பலகை. கருப்பு வெள்ளைக் கட்டங்கள் கிடையாது, வெறும் கோடுகள்தான். விதிகளும் நாட்டு முறை. சிப்பாய் முதல் நகர்வில்கூட ஒரு கட்டம்தான் போகும். ராஜாவை யானையோடு சேர்த்துக் கோட்டை கட்டுவது கிடையாது. அதற்குப் பதிலாக, இன்னும் செக் வாங்காத ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு தடவை குதிரையைப் போலப் பாயலாம். எட்டாம் வரிசையைத் தொட்ட சிப்பாய், எந்தக் காயின் கட்டத்துக்கு வந்ததோ அந்தக் காயாகத்தான் மாறும். சர்வதேச விதிகளைப் பள்ளிக்கூடத்தில்தான் கற்றுக்கொண்டேன். ஆட்டம் முடிந்து பேசிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். நீங்கள் கைத்தடியை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு, "சுல்தான் கான்!" என்றீர்கள்.

பஞ்சாபில் பிறந்து இந்த இந்திய முறையிலேயே வளர்ந்தவர், இங்கிலாந்துக்குப் போய் 1929, 1932, 1933 என்று மூன்று தடவை பிரிட்டிஷ் சாம்பியன் ஆனவர், ஹேஸ்டிங்ஸில் முன்னாள் உலக சாம்பியன் காபாபிளாங்காவை ஜெயித்தவர். அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை உலக செஸ் அமைப்பான ஃபிடே அந்த வருஷம்தான் கொடுத்திருந்தது. நீங்கள் இத்தனையும் மூச்சுவிடாமல் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, "அவர் எப்படிப் பழகினாரோ அப்படி ஒரு ஆட்டம் எனக்கு ஆட வேண்டும்" என்று கேட்டீர்கள்.

கடிகாரத்தை ஓரமாக வைத்தோம். பக்கத்து மேசைக்காரர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். நாட்டு முறையில் முதல் பத்து நகர்வு வரை யாரும் யாரையும் தொடுவதில்லை. அவரவர் பாதியில் அவரவர் படையை அடுக்கிக்கொண்டிருப்போம். சுற்றி நின்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. "சண்டை எப்போ?" என்று ஒருவர் கேட்டார். நீங்கள் மட்டும் பொறுமையாக இருந்தீர்கள். என் ராஜா குதிரைப் பாய்ச்சலில் மூலைக்குத் தாவியபோது கூட்டத்திலிருந்து ஓ என்று ஒரு சத்தம் எழுந்தது. உங்கள் ராஜா தாவுவதற்கு முன் நான் செக் கொடுத்துவிட்டேன். அதோடு அந்த உரிமை போயிற்று. அந்த ஆட்டம் எனக்குக் கிடைத்தது. "இன்னொன்று" என்றீர்கள். இரண்டாவது ஆட்டத்தில் ஐந்தாம் நகர்விலேயே ராஜாவைப் பாய்ச்சிப் பத்திரப்படுத்திக்கொண்டு, அப்புறம் நிதானமாக என்னை முடித்தீர்கள். என் தாத்தா போனபின் அந்த ஆட்டத்தை நான் யாரோடும் ஆடியதில்லை ஐயா. ஆடக் கேட்டவரும் இல்லை.

1995இல் உலக வர்த்தக மையத்தின் 107ஆம் மாடியில் ஆனந்தும் காஸ்பரோவும் உலக சாம்பியன் பட்டத்துக்கு மோதியதைப் போய்ப் பார்த்ததாகவும் சொன்னீர்கள். முதல் எட்டு ஆட்டம் டிரா, ஒன்பதாவதை ஆனந்த் ஜெயித்தார். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் உயர்ந்தது. நாங்கள் ஊரில் மறுநாள் பேப்பரில் படித்துக் கொண்டாடிய ஆட்டம் அது.

ஆகஸ்ட்டில் ஒரு நாள் எனக்குச் சர்க்கரை இறங்கிக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. எதிரே இருந்தவர் உடனே கடிகாரத்தை நிறுத்தினார். வழியே போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ் என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். வண்டிக்கடைக்காரர் ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலோடு ஓடிவந்தார், காசை வாங்கவே மாட்டேன் என்றார். யாரோ குடை பிடித்தார்கள், யாரோ என் மகளுக்கு போன் போட்டார்கள். அரை மணி நேரத்தில் தெளிந்துவிட்டேன். பார்த்தால் காய்கள் அப்படியே இருந்தன. என் கடிகாரத்தில் மீதி நேரமும் அப்படியே. "தொடரலாமா, இல்லை இன்னொரு நாளா?" என்று கேட்டார். தொடரலாம் என்றேன். தொடர்ந்து ஆடி என்னைத் தோற்கடித்தார். மகள் வந்து சேர்ந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. உடம்புக்கு முடியாதவள் என்று தெரிந்த பிறகும் எனக்குப் பரிதாபம் காட்டாமல் ஆடினாரே, அந்த மனிதருக்கு என் கைகூப்பிய வணக்கம். ஜூஸ் கொடுத்தவருக்கும், பெயர்கூடச் சொல்லாமல் போன நர்ஸம்மாவுக்கும் அதே வணக்கம்.

தாம்ப்சன் தெருவில் இருக்கும் செஸ் ஃபோரம் கடைக்கும் நன்றி. மழை நாட்களில் எங்களுக்கு ஒதுங்க அந்த இடம்தான். மணிக்கணக்கில் ஆடலாம், பார்த்துக்கொண்டும் இருக்கலாம். மேற்கு 10ஆம் தெருவில் மார்ஷல் செஸ் கிளப்பின் வாசலுக்கு என்னை ஒரு தடவை அழைத்துப் போனீர்கள். பின்னாளில் உலக சாம்பியனான பாபி ஃபிஷர், 1956இல் 13 வயதில், ராணியையே பலி கொடுத்து டொனால்ட் பைர்னை ஜெயித்தது அங்கேதான் என்று காட்டினீர்கள். அந்தப் பையன் உங்கள் பூங்காவிலும் ஆடியவன் என்பதில் உங்கள் எல்லோருக்கும் இருக்கும் பெருமை நியாயமானதுதான்.

பூங்காவின் தெற்கு ஓரத்தில் அப்போது தோசை வண்டி வைத்திருந்த யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு: "சாப்பிட்டீங்களோ அக்கா?" என்ற ஒரு கேள்விக்காகவே அந்தப் பக்கம் வந்திருப்பேன். பாண்டிச்சேரி தோசையும் சாம்பாரும் அப்படி. தெருவோர உணவுக்கான வெண்டி விருதை 2007இல் வாங்கியவர் என்று அங்கே வரிசையில் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகள்தான் எனக்குச் சொன்னார்கள். செஸ் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் உங்கள் வாடிக்கையாளர்கள் என்பதும் அப்புறம்தான் தெரிந்தது.

காலையில் மேசைகளைத் துடைத்துச் சருகு கூட்டும் பூங்கா ஊழியர்களுக்கும், கழிப்பறையைச் சுத்தமாக வைத்திருக்கும் பெண்களுக்கும் நன்றி. வயதான பெண்கள் ஓர் இடத்தில் மூன்று மணி நேரம் உட்கார முடியுமா முடியாதா என்பது அவர்கள் கையில்தான் இருக்கிறது. இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

நியூஜெர்சிக்குப் போகவிருக்கும் பெரியவர்களே, செஸ் தெரிந்தால் போய் உட்காருங்கள். ஐந்து டாலர் தாள்களாகக் கொண்டுபோங்கள், சில்லறை கேட்டு அவர்கள் நேரத்தை எடுக்க வேண்டாம். ஆட்டத்துக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும். ஆடும்போது அவர்கள் விடாமல் பேசுவார்கள், கிண்டலும் இருக்கும். அது அங்கே மரியாதைக் குறைவு இல்லை, நீங்களும் தமிழிலேயே பதில் சொல்லலாம். ஆங்கிலம் குறைவு என்று தயங்க வேண்டாம். காசு கொடுக்காமல் ஆட வேண்டுமானால் சென்ட்ரல் பார்க்கில் செஸ் அண்ட் செக்கர்ஸ் ஹவுஸ் இருக்கிறது, காய்களை அங்கேயே இரவல் தருவார்கள்.

கைத்தடிப் பெரியவருக்கு ஒரு சின்னப் பொருளும் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன். தாத்தாவுடையதைப் போலவே ஒரு துணிப் பலகை. எங்கள் தெரு தையற்காரர் காடாத் துணியில் சிவப்பு நூலால் கோடு போட்டுத் தைத்தது. உங்கள் கல் மேசையின் அளவுக்குச் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். சாயம் ஒட்டும், தண்ணீரில் நனைக்காதீர்கள், உதறினால் போதும். காற்று அடித்தால் நாலு மூலையிலும் எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்,
கும்பகோணம்