செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25: உதகையில் கணினிக்காரர்களாக இருப்பது

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும், மழை வரும்போல இருந்தும் வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் கணினிச் சங்கத்தில் மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு பாடம் என்று போன ஆண்டு இதே இடத்தில் நின்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். அது நடக்கவில்லை. ஏப்ரல், மே சீசன். நம்மில் பலர் காட்டேஜ் நடத்துகிறார்கள், ஓட்டல் வரவேற்பில் நிற்கிறார்கள், டாக்சி ஓட்டுகிறார்கள். ஒருவர் வர்க்கிக் கடை வைத்திருக்கிறார். சீசனில் இவர்களைப் பைத்தான் என்ற நிரல்மொழி படிக்கக் கூப்பிட்டால் பாவம் பிடிக்கும். ஜூனில் மழை, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அப்புறம் இரண்டாவது சீசன், அது முடிந்ததும் வடகிழக்கு மழை. நவம்பரில் குன்னூர் – மேட்டுப்பாளையம் பாதையில் மண் சரிந்ததால், கோவையிலிருந்து பாடம் எடுக்க வரவேண்டியவர் வரவில்லை. ஜனவரியில் ஆளும் நேரமும் இருந்தன, உறைபனியில் விரல்தான் மடங்கவில்லை. சமவெளியில் எழுதிய நாட்காட்டியை வைத்துக்கொண்டு இந்த ஊரில் சங்கம் நடத்த முடியாது என்பது இந்த ஆண்டு எனக்குக் கிடைத்த பாடம்.

பாடம் நடக்காவிட்டாலும் வேலை நடந்தது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. அன்றிலிருந்து ஊருக்கு நாம் 'இ-பாஸ் சங்கம்' ஆகிவிட்டோம். பேருந்திலும் ரயிலிலும் வருபவர்களுக்குப் பாஸ் வேண்டாம் என்பதையே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போம் என்று கணக்கில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கல்லாறு சோதனைச்சாவடியிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். போனில் சார்ஜ் இரண்டு சதவீதம், பின் இருக்கையில் குழந்தை அழுகிறது. வண்டி எண்ணைக் கேட்டால் ஓட்டுநருக்கு நினைவில்லை. வாடகை வண்டி. இறங்கிப்போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதற்குள் போன் அணைந்துவிட்டது. பக்கத்துக் காரில் இருந்தவரின் போனை வாங்கி மறுபடி கூப்பிட்டார், பாஸ் எடுத்துக்கொடுத்தோம். மறுநாள் நம் உறுப்பினர் காட்டேஜுக்கு ஒரு கிலோ நேந்திரம் சிப்ஸ் வந்து சேர்ந்தது. சங்கத்துக்கு இந்த ஆண்டு வந்த ஒரே நன்கொடை அதுதான், அதையும் நான் பார்க்கவில்லை.

இலவசப் பாஸுக்குச் சில கடைகளில் காசு வாங்கினார்கள். நாம் வாங்கக் கூடாது என்று முதல் வாரத்திலேயே செயற்குழு முடிவெடுத்தது; ஒருவர் மட்டும் எதிர்த்தார், அவர் பெயர் குறிப்பேட்டில் இருக்கிறது. உண்மையில் அதிகம் திண்டாடியது உள்ளூர்க்காரர்கள். கோவையில் வாங்கி அங்கேயே பதிவு செய்த காரை வைத்துக்கொண்டு இங்கே முப்பது வருடமாகக் குடியிருப்பவருக்கு நீலகிரிப் பதிவு எண்ணான டிஎன் 43 இல்லை. சொந்த வீட்டுக்குப் போக அவர் பாஸ் காட்ட வேண்டியிருந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு உள்ளூர்ப் பாஸ் வாங்க விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததைத்தான் நான் பெரிய வேலையாக நினைக்கிறேன்.

2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள்தான் என்று நீலகிரிக்கு வரம்பு வந்தது. இ-பாஸை எதிர்த்து ஏப்ரல் 2 அன்று நடந்த கடையடைப்பில் நம் உறுப்பினர்கள் சிலரும் கடையைச் சாத்தினார்கள். சேரிங் கிராஸில் நிம்மதியாக ரோட்டைக் கடக்க முடிகிறது என்று சந்தோஷப்பட்டவர்களும் நம் உறுப்பினர்கள்தான். சங்கத்துக்கு இதில் ஒரே கருத்து கிடையாது. வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் சண்டை நடந்தது, நான்தான் பூட்டினேன்.

அடுத்து வரைபட வேலை. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் நம் பகுதிச் சாலைகளைத் திருத்துவது என்று தொடங்கி, கல்லட்டி மலைப்பாதையில் மாட்டிக்கொண்டோம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் அந்தப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் அதில் ஏறி வரலாம், இறங்கக் கூடாது. உள்ளூர் வண்டிகள் இரண்டும் செய்யலாம். இதை வரைபடத்தில் எப்படிச் சொல்வது? ஒருவழிப் பாதை என்று குறித்தால் மசினகுடிக்காரர் கூடலூர் வழியாகச் சுற்றிப் போகவேண்டும் என்று காட்டும். குறிக்காமல் விட்டால், கீழ்நாட்டில் ஓட்டிப் பழகியவரைச் செயலி நேரே இறக்கத்தில் கொண்டுபோய் விடும். பிரேக் காய்ந்து புகை வரும்போதுதான் அவருக்கு விஷயம் தெரியும். திசையைப் பொறுத்துத் தடை போட வரைபடத்தில் குறிச்சொற்கள் இருக்கின்றன. வண்டி எந்த ஊர்ப் பதிவு என்பதைப் பொறுத்துத் தடை போட, எல்லாச் செயலிகளும் படிக்கிற மாதிரி ஒன்று எங்களுக்கு அகப்படவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை வாதாடினோம். கடைசியில் திசைத் தடையைப் போட்டு, உள்ளூர்க்காரருக்கு வழி தெரியும் என்று விட்டுவிட்டு, காட்டேஜ்களில் ஒட்டுவதற்குத் தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் ஒரு காகிதம் அச்சடித்தோம். தொழில்நுட்பச் சங்கம் காகிதம் ஒட்டிய கதையைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்டேஜ்காரர்கள் இன்னும் காகிதம் கேட்டு வருகிறார்கள்.

கோடை மழையில் இடி விழுந்து சங்க அறையின் ரவுட்டர் கருகியது. பக்கத்தில் வைத்திருந்த பழைய மடிக்கணினியும் போனது. இதே ஊட்டியில் 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் இருந்ததாக காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வகத்தினர், வானிலிருந்து வரும் மியூவான் என்ற நுண்துகள்களின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிட்டு, 2019இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட வானத்தின் கீழே, எர்த் சரியில்லாத அறையில் ரவுட்டரை வைத்தது நம் தப்பு. எர்த் போட்டாகிவிட்டது; செலவு பொருளாளர் அறிக்கையில் வரும்.

பிப்ரவரியில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முத்தோரை ரேடியோ தொலைநோக்கிக்குப் போனோம். அவலாஞ்சிக்குப் போகும் வண்டிகளில் எத்தனை பேர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரியவில்லை. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970இல் இயங்கத் தொடங்கியது. இந்த இடத்தின் அட்சரேகை சுமார் 11 பாகை. மலைச்சரிவும் அதே 11 பாகை. அதனால் சரிவின் மேல் கிடக்கும் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. அந்த ஓர் அச்சில் மெல்லச் சுழற்றினால் போதும், ஒரே விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். "அப்போ மலையும் மெஷின்ல ஒரு பார்ட்டா சார்?" என்று கேத்தியிலிருந்து வந்த ஆறாம் வகுப்புப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன்.

நீலகிரிப் படுகர்கள் பேசும் படுக மொழியைக் கைபேசிக்குப் புரியவைக்கும் முயற்சி பாதியில் நிற்கிறது. பேசினால் ஒரு வாக்கியத்தைக் கன்னடமாகவும் அடுத்ததைத் தமிழாகவும் எடுத்துக்கொள்கிறது. தமிழ் எழுத்தில் எழுதினால் க-வை எங்கே அழுத்துவது, எங்கே மெலிப்பது என்பதில் கோத்தகிரிக்காரருக்கும் குந்தாக்காரருக்கும் ஒத்துப்போகவில்லை. பெரியவர்களை உட்காரவைத்துப் பேசவேண்டும்.

ஒரு துக்கம். நம் மூத்த உறுப்பினர் ஒருவர் டிசம்பரில் காலமானார். ஊட்டியில் படச்சுருள் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் இருந்தவர். இருட்டு அறையில் படச்சுருளைத் தடவியே மருந்துப் பக்கம் எது என்று சொல்வார். "டிஜிட்டல்காரன் என் கம்பெனியை மூடினான், அவன் யாருன்னு பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டுதான் எழுபது வயதில் சங்கத்தில் சேர்ந்தார். அவர் ஸ்கேன் செய்து முடித்த பழைய நெகட்டிவ்கள் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. மூன்றாவது பெட்டி அப்படியே கிடக்கிறது. பூஞ்சை பிடிப்பதற்குள் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்களை நான் வாசிக்கப்போவதில்லை, ஆனால் பட்டியல் கையில் இருக்கிறது. கூட்டத்துக்கு அறை கொடுத்த நூலகத்தாருக்கும், டீ கொடுத்துக் காசு வாங்காத கீழ்த்தளக் கடைக்காரருக்கும் நன்றி. அடுத்த ஆண்டுக்குச் செயலாளராக வேறு யாராவது முன்வந்தால் சாவியை இன்றே தருகிறேன். ரவுட்டரின் கடவுச்சொல் மட்டும் அலமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
உதகமண்டலம்