முகம் தெரியாதது மரியாதைக் குறைவல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை வரவேற்கிறேன். ஆயினும், இக்குழந்தைகளுக்கு மனித முகங்களில் நாட்டமே இல்லை என்று அதில் பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருந்தது, ஆட்டிசம் உள்ள 9 வயது மகனை வளர்க்கும் எனக்கு வருத்தம் அளித்தது.

வாரன் ஜோன்ஸும் அமி கிளினும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளும் தொடக்கத்தில் மற்றக் குழந்தைகளைப் போலவே கண்களைப் பார்த்ததும், 2 மாதத்துக்கும் 6 மாதத்துக்கும் இடையே அந்தப் பார்வை குறைந்துகொண்டே போனதும் பதிவாகியுள்ளன. வில்லியம்ஸ் நோய்க்குறியிலோ நிலைமை வேறு. 7-ஆம் குரோமோசோம் இணையில் ஒன்றில் ஏறத்தாழ 25 மரபணுக்கள் விடுபட்டுப் பிறக்கும் இக்குழந்தைகள், முன்பின் அறியாதவர் முகத்தையும் ஆசையோடு பார்த்துக்கொண்டிருப்பார்கள். முகங்களை இனங்காணும் தேர்வுகளில் பலர் நல்ல மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். ஆனால் நாம் ஒரு முகத்தை ஒட்டுமொத்தமாக உள்வாங்குவதைப் போலன்றி (தலைகீழாகப் பிடித்த புகைப்படத்தில் பழகியவரைக்கூட அடையாளம் காணத் திணறுவது அதனால்தான்), இவர்கள் கண், மூக்கு, வாய் எனத் தனித்தனியாகப் பார்த்தே அறிவதாக அன்னெட் கார்மிலோஃப்-ஸ்மித் போன்றோரின் ஆய்வுகள் சுட்டின. ஆகவே மதிப்பெண்ணை மட்டும் பார்த்து ஒரு குழந்தைக்குக் குறையில்லை என்று முடிவு கட்டுவதும் தவறு.

என் மகன் பள்ளி ஆயாவை அவருடைய சிவப்பு மூக்குக் கண்ணாடியை வைத்தே அறிந்திருந்தான். சென்ற ஜூனில் அவர் கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்த அன்று, இரண்டு ஆண்டுகளாகப் பிடித்து நடந்த அதே கையைப் பிடிக்க மறுத்து, என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "வாடா தங்கம்" என்று அவர் குரல் கேட்டதும்தான் நிமிர்ந்தான். அல்சூர் கடைவீதியில் சுடிதாரில் வந்த வகுப்பாசிரியையை அவன் கண்டுகொள்ளாமல் போனதற்கோ, மறுநாள் டைரியில் 'பெரியவர்களிடம் மரியாதை இல்லை' என்று எழுதி வந்தது. அந்த வரியைப் படித்து நான் அழுதேன்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளது. எங்கள் பெங்களூரு பள்ளிகள் பெரிய ஏற்பாடு எதுவும் செய்ய வேண்டியதில்லை. இத்தகைய குழந்தையைச் சந்திக்கும் ஆசிரியர் முதலில் தம் பெயரைச் சொல்லட்டும், கண்ணைப் பார்த்தே பேச வேண்டுமென்று வற்புறுத்தாதிருக்கட்டும். யாரும் சொல்லித்தராமலேயே அந்த ஆயா இப்போது பள்ளி வாசலருகே தம் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கை நீட்டுகிறார்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
அல்சூர், பெங்களூரு.