வாள் இரும்பு இல்லை, வெண்கலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மனியில் கிடைத்த பழங்கால வாளைப் பற்றி ஞாயிறன்று போட்டிருந்தீர்கள், படம் அருமை, ஆனால் அதன் கீழே 'இரும்பு வாள்' என்று அச்சாகியிருக்கிறதே! பவேரியாவின் நோர்ட்லிங்கனில் 2023-ல் கிடைத்த அந்த வாள் முழுக்க வெண்கலம், கி.மு. 14-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. எட்டுப் பட்டைக் கைப்பிடியை அலகின் மேலேயே வார்த்திருக்கிறார்கள், சும்மா செருகி வைக்கவில்லை. மூவாயிரம் வருடத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் இன்னும் மினுங்குகிறது (எங்கள் வீட்டு வெண்கல உருளி, புளி போட்டுத் தேய்த்தாலும் ஒரு வாரம் தாங்காது). வெட்டு விழுந்த தடம் எதுவும் தெரியவில்லை என்பது சரி, அதற்காக வெறும் அலங்காரப் பொருள் என்று எழுதிவிடலாமா? எடை அலகின் முன்பக்கம் விழுகிறது, ஓங்கி வெட்டத் தோதான வாள் அது. அப்புறம், அது கிடைத்தது ஒரு கல்லறையில். ஓர் ஆண், ஒரு பெண், ஓர் இளவயதுப் பிள்ளை என மூன்று பேர் அதில் புதைக்கப்பட்டிருந்தார்கள். வாளுக்கு அரைப் பக்கம் கொடுத்தீர்கள், அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லையே.

இப்படிக்கு,
வாசகர், மன்னார்குடி