செம்மையாக்கம் செய்தவர் பெயரையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் புத்தக எடிட்டர்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத்தாளருக்கும் வாசகருக்கும் நடுவில் இன்னொருவர் எதற்கு, அவர் கை பட்டால் எழுத்தின் உயிர் போய்விடும் என்று கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். பதிப்பகங்களுக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளைக் குடியாத்தத்தில் வீட்டிலிருந்தபடியே செம்மையாக்கித் தருவது என் தொழில். அவருக்கு என் வேலையிலிருந்தே பதில் சொல்கிறேன்.

இப்போது என் மேசையில் இருப்பது, சிறு வயதிலிருந்து பீடி சுற்றிய எங்கள் ஊர் அக்கா ஒருவர் எழுதிய வாழ்க்கைக் கதை. லாங் சைஸ் நோட்டுகளில் எழுதியிருந்தார். கல்யாணம், மாமியார், வீட்டுக்காரரின் குடி, பிள்ளைகளைப் படிக்கவைத்த பாடு எல்லாம் விரிவாக இருந்தன. பீடியைப் பற்றி மட்டும், சுற்றிப் பிழைத்தோம் என்று போகிறபோக்கில் ஒரு வரி. ஏன் என்று கேட்டேன். “இன்னா கண்ணு, பீடி சுத்தறதுல எழுதறதுக்கு இன்னா கீது? ஊரே சுத்துது” என்றார்.

சரி என்று விட்டிருந்தால் அந்தப் புத்தகம் அப்படியே வந்திருக்கும். நான் கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். இலையை எப்போது ஊறவைப்பீர்கள்? மழைநாளில் என்ன செய்வீர்கள்? பீடியின் வாயை மடிக்கிற வேலை எந்தப் பிள்ளைக்கு? கணக்கு முடிக்கும்போது கழித்துப்போட்ட பீடிக்குக் கூலி உண்டா? இலை பற்றாமல் போனால் யார் கைக்காசு போவது? பதில்கள் வந்து சேர்ந்தபோது ஒரு தனி அத்தியாயமே உருவாகியிருந்தது. ராத்திரி இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்பதும், விடிந்ததும் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டுவதும், மடியில் முறத்தோடு உட்கார்ந்தால் தூளின் நெடியில் பக்கத்தில் தூங்கும் குழந்தை இருமுவதும் அதில் இருந்தன. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, எண்ணும்போது ஒரு பிடியைக் கழிவு என்று ஒதுக்குவார்களாம். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது. இதை அவர் எங்கும் குரலை உயர்த்தாமல் எழுதியிருக்கிறார். அந்த அத்தியாயத்தில் என் சொல் ஒன்றுகூட இல்லை. கேள்விகள் மட்டும் என்னுடையவை, அவை அச்சில் வரப்போவதில்லை. எடிட்டர் என்றால் வெட்டுகிறவர் என்று நினைப்பவர்கள் இந்தப் பாதியைப் பார்ப்பதே இல்லை.

எழுத்தின் உயிர் போய்விடும் என்கிறார் கட்டுரையாளர். இந்த நோட்டுகளைக் கணினியில் அடித்துக் கொடுத்தவர், பாவம், நல்லது செய்வதாக நினைத்து “இட்டுகினு போனான்” என்று இருந்த இடத்திலெல்லாம் “அழைத்துக்கொண்டு சென்றான்” என்று மாற்றிவிட்டிருந்தார். நோட்டைப் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டு அக்காவின் பேச்சை மறுபடி கொண்டுவந்தது எடிட்டர் வேலைதான். வட ஆர்க்காட்டுப் பேச்சு பதிப்பகத்து மேசையில் அடிக்கடி பிழையாகத் தெரிகிறது. அது பிழை இல்லை என்று எடுத்துச் சொல்லி நிறுத்துவதற்கும் ஒரு ஆள் வேண்டும்.

அப்புறம் தகவல் சரிபார்ப்பு. அக்காவின் அம்மா காமராசரை நேரில் பார்த்த கதை ஒன்று வருகிறது. 1957 தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்தார் என்று இருந்தது. காமராசர் குடியாத்தத்தில் நின்றது 1954 இடைத்தேர்தலில். அந்த ஆண்டு ஏப்ரலில் முதலமைச்சரான அவர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியிருந்தது, அதற்கு எங்கள் ஊரைத் தேர்ந்தார். 1957இல் அவர் நின்றது சாத்தூரில். இங்கே எண்ணை மட்டும் மாற்றினால் போதாது. கூட்டத்தில் அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தை யார் என்பதும் மாறும். அக்கா தன் பெரியம்மாவிடம் போய்க் கேட்டு வந்து அந்தப் பக்கத்தைத் தானே திருத்தி எழுதினார். முன்பைவிட நன்றாக வந்திருக்கிறது. அதேபோல, கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள். கார்த்திகை மழையில் சிரசு பார்க்கப் போனதாக ஒரு கதையில் வந்தால் எங்கள் ஊர்க்காரர் புத்தகத்தை அங்கேயே மூடிவிடுவார். 1989இல் திருவண்ணாமலை பிரிவதற்கு முந்தைய சம்பவத்தில் மாவட்டத்தின் பெயர் வட ஆர்க்காடு என்றுதான் இருக்க வேண்டும். வாணியம்பாடி 2019இல்தான் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போனது. ஆற்காடா, ஆர்க்காடா என்று தொடக்கத்திலேயே முடிவு செய்து கடைசிப் பக்கம்வரை அதையே காப்பாற்ற வேண்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது உடைந்துபோன எழுத்துகளை ஒட்டுவது தனிக் கதை.

கருத்து வேறுபாடும் வரும். வீட்டுக்காரர் இறந்ததை முதல் அத்தியாயத்தில் வைத்திருந்தார். அதைக் கடைசிக்குக் கொண்டுபோனால் கதை காலவரிசையில் ஓடும் என்று சொல்லிப் பார்த்தேன். “அவரு போனப்பறம்தான் கண்ணு நான் நோட்டையே தொட்டேன், அது முன்னாலதான் இருக்கணும்” என்றார். அப்படியே இருக்கிறது. எடிட்டர் காரணத்தோடு சொல்லலாம், முடிவு எழுதியவருடையது. எழுதியவரைக் கேட்காமல் தன் நடையில் மாற்றி எழுதி அச்சுக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டுரையாளர் அப்படி யாரிடமாவது மாட்டியிருந்தால் அவர் கோபம் நியாயம். அதற்கு மருந்து நல்ல எடிட்டர்தான்.

பழைய ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர்களை நாம் கொண்டாடாமல் இல்லை. 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சா.வைத் தமிழ்த் தாத்தா என்கிறோம். உயிரோடு இருக்கிற எழுத்தாளரின் பிரதிக்கு அந்த அக்கறையில் கால்பங்கு கிடைத்தால்கூடப் போதும் என்று எனக்குத் தோன்றும். 1974இல் க்ரியா பதிப்பகத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், 2020இல் மறையும்வரை பிரதியைச் செம்மையாக்குவதைப் பதிப்பு வேலையின் நடுவில் வைத்திருந்தார். அப்படிச் செய்கிற பதிப்பகங்கள் இன்றும் குறைவு.

எங்கள் பக்கத்து நிலைமை இது: குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் என்று சிறிய ஊர்களிலிருந்து எழுதுகிறவர்களிடம் பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தருகிறார்கள். நகையை அடகு வைத்துக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். தாள், அட்டை, அச்சு, ஐஎஸ்பிஎன் எல்லாம் அந்த மதிப்பீட்டில் இருக்கும், பிரதியை முழுக்கப் படித்துக் கேள்வி கேட்க ஒரு ஆளுக்கான தொகை இருக்காது. மிஞ்சிப்போனால் பக்கத்துக்கு இவ்வளவு என்று மெய்ப்புக் கூலி. மெய்ப்புப் பார்க்கிறவர் ஒற்றுப்பிழையைப் பிடிப்பார். அம்மாவின் இடுப்பில் இருந்த குழந்தையைப் பற்றி யோசிக்க அவருக்கு யாரும் நேரமும் தருவதில்லை, பணமும் தருவதில்லை. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடக்கும் இந்தக் காலத்தில், அரங்கில் தன் புத்தகத்தோடு நிற்கிற புதிய எழுத்தாளர் அதைவிட நல்ல புத்தகத்தோடு நின்றிருக்க முடியும் என்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். உங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியூர்க்காரர்கள் எழுதும் கட்டுரைகளில் பெரிய மாற்றம் செய்யும்போது, அச்சுக்குப் போகுமுன் ஒரு முறை போனில் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, நூல் மதிப்புரைக்குக் கீழே ஆசிரியர் பெயர், பதிப்பகம், பக்கம், விலை, தொலைபேசி எண் எல்லாம் போடுகிறீர்கள். அந்தப் பெட்டியில் செம்மையாக்கம் செய்தவர் யார் என்று ஒரு வரி சேருங்கள். புத்தகத்தில் இல்லாவிட்டால் பதிப்பகத்தாரைக் கேட்டு வாங்குங்கள். யாரும் செய்யவில்லை என்று அவர்கள் சொன்னால் அதையும் அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.