ஓலையில் எழுதும் மடக்கெழுத்தாணி என்று விற்ற பட்டாளத்துக் கத்தி குறித்துப் புகார்

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், கானாடுகாத்தான், சிவகங்கை மாவட்டம்.
பெறுநர்: குறைதீர் அலுவலர், பழம்பொருள் இணைய விற்பனை நிறுவனம், சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இது நான் எழுதும் ஏழாவது கடிதம். முந்தைய ஆறுக்கும் ‘உங்கள் பொறுமைக்கு நன்றி’ என்ற ஒரே பதில்தான் வந்தது. அந்தப் பொறுமை இப்போது என்னிடம் இல்லை.

‘செட்டிநாட்டு மடக்கெழுத்தாணி, 200 ஆண்டுப் பழமை, எருமைக்கொம்புப் பிடி, வேல் முத்திரை, நிபுணர் சரிபார்த்தது’ என்று உங்கள் தளத்தில் கண்டு 18,500 ரூபாய் கட்டினேன். சான்றிதழுக்குத் தனியாக 1,200 ரூபாய். என் தந்தை அப்பச்சிக்கு எழுபதாம் வயதுச் சடங்கான பீமரத சாந்தி வந்தது. எங்கள் வீட்டில் என் தாத்தாவான ஐயா காலத்து ஏடுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எழுதிய எழுத்தாணி ஒன்றுகூட மிஞ்சவில்லை. இதை அப்பச்சிக்குப் பரிசாகக் கொடுத்து அந்தக் குறையைத் தீர்க்க நினைத்தேன்.

பொருள் வந்த பேழையின் முத்திரையைப் பிரித்தால் சான்றிதழ் செல்லாது என்று எழுதியிருந்ததால் நான் பிரித்துப் பார்க்கவில்லை. பங்காளிகளும் சம்பந்திகளும் கூடியிருந்த வீட்டு வளவில் அப்பச்சிதான் பிரித்தார். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவர் அதை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது வெள்ளைக்காரன் பட்டாளத்துக் கத்தி” என்றார். அப்பச்சி ஒன்றும் சொல்லாமல் அதைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பழம்பொருள் விற்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. மடக்கெழுத்தாணியில் ஒரு புறம் ஓலையை வாரி நறுக்குவதற்குக் கத்தி இருக்கும், மறுபுறம் எழுதும் கூர்முனை. இரண்டும் பிடிக்குள் மடங்கும். நீங்கள் அனுப்பியதிலும் ஒரு கத்தியும் ஒரு முனையும் மடங்குகின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்த முனை கயிற்று முடிச்சை நெகிழ்த்தவும் புரிகளைப் பிரிக்கவும் வைத்த தடித்த முள். பதப்படுத்திய ஓலையில் கீறிப் பார்த்தேன், ஓலை கிழிந்துவிட்டது. மூன்றாவதாக இருக்கும் அலகு தகர டப்பா திறப்பதற்கு. ஏடு எழுதியவருக்குத் தகர டப்பா எங்கிருந்து வந்தது? நீங்கள் வேல் என்று எழுதியது பிரிட்டிஷ் அரசின் உடைமையைக் காட்டும் அம்புக்குறி. அதன் பக்கத்திலேயே 1943 என்று பொறித்திருக்கிறது! பிடி கட்டம் கட்டமாக வரியிட்ட கறுப்புப் பிளாஸ்டிக். இரண்டாம் உலகப்போரில் அவர்களுடைய படையினருக்குக் கொடுத்த கத்தி இது. உங்கள் நிபுணர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாரா?

தொலைபேசியில் பேசிய உங்கள் ஊழியர் இத்தனையையும் கேட்டுவிட்டு, “கத்தி வெட்டுகிறதா சார்? வெட்டினால் பொருளில் குறை இல்லை” என்றார். முத்திரை உடைந்ததால் திருப்பியும் எடுக்க முடியாதாம். முத்திரையை உடைக்காமல் 1943ஐ எப்படிப் படிப்பது என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அதற்கு முன்பு நடந்ததையும் சொல்கிறேன். பொருளை நேரில் காட்டினால் பணம் கிடைக்கும் என்று உங்கள் அலுவலகமே தொலைபேசியில் சொன்னதால், விடியற்காலைப் பல்லவன் ரயிலில் சென்னைக்கு வந்தேன். கத்தியோடு உள்ளே விட முடியாது என்று வாசலில் காவலாளி நிறுத்திவிட்டார். அவர்மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் கத்தியைக் கொண்டுவரச் சொன்னதே நீங்கள்தானே! கீழே இறங்கி வந்து பார்க்க ஒருவர்கூட இல்லை. வெயிலில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு இரவு பஸ்ஸில் ஊர் திரும்பினேன். “வெட்டுகிறதா சார்” என்று அந்த மனிதர் கேட்டது இதற்கு மறுநாள்.

எனக்கு ஏற்பட்ட நஷ்டம் பணம் மட்டும் இல்லை. அப்பச்சி இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு எந்தத் தொகையும் ஈடாகாது.

தயவுசெய்து இதையாவது யோசித்துப் பாருங்கள். உங்கள் சொற்படி அது 200 ஆண்டுப் பொருள் என்றால், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி அதை விற்க உரிமம் வேண்டும். உரிமம் எங்கே? அவ்வளவு பழமை இல்லை என்றால் நீங்கள் எழுதியது பொய். இரண்டில் ஒன்றை எழுத்தில் தாருங்கள். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள்படி புகாரை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 73 நாட்கள் ஆகிவிட்டன. 15 நாட்களுக்குள் 19,700 ரூபாயும் சென்னைப் பயணச் செலவும் வராவிட்டால் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். நான் இருக்கும் மாவட்டத்திலேயே போடலாம் என்று சட்டம் சொல்கிறது.

அதே விற்பனையாளர் நேற்று பர்மாவின் ‘தா’ வாள் ஒன்றைச் ‘சின்ன மருது படையின் வாள்’ என்று போட்டிருக்கிறார். பர்மாவில் கடை வைத்திருந்தவர்களின் ஊர் இது. அந்த வாள் எங்களுக்குத் தெரியும். யாராவது வாங்குவதற்குள் அந்தப் பதிவை நீக்குங்கள், மன்றாடிக் கேட்கிறேன்.

கத்தி அதே பேழையில் இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். நான் இனி அதைச் சுமந்துகொண்டு சென்னைக்கு வரமாட்டேன்.

இப்படிக்கு,
கானாடுகாத்தான் வாடிக்கையாளர்